டிஸ்சார்ஜ் சம்மரியில் இன்னும் ஒரு வரி

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்யும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் அப்பாவுக்குக் குடலின் இடப்பக்கக் கட்டியை எடுத்து ஆறு வருஷம் ஆகிறது. ஆபரேஷனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் தையல் பிரிக்கும் நாள், புற்று திரும்புகிறதா என்று பார்க்கும் சி.ஈ.ஏ. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் தேதியோடு இருந்தன. ஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டுக் குடலின் உள்ளே பார்க்கும் கொலோனோஸ்கோபி மட்டும் இல்லை. நாங்களும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றே தெரியாது. "அதான் கட்டியை எடுத்தாச்சே" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் வருஷம் வலப்பக்கத்தில் ஒரு கட்டி. பழையது திரும்பவில்லை, இது புதிது என்றார்கள்.

வெட்டியது ஒரு துண்டுதான், மிச்சமிருப்பதும் அதே குடல் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. குடலின் உட்சுவரில் முளைக்கும் பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சி புற்றாக மாறப் பொதுவாகப் பல வருஷம் பிடிக்கும். அதற்குள் பார்த்துவிட்டால் ஸ்கோப் வழியாகவே கத்தரித்துவிடலாம். சி.ஈ.ஏ.வை நம்பி இருந்தால் சின்னப் பாலிப் சிக்காது. அதனால்தான் அறுவை முடிந்த ஓராண்டில் ஒரு கொலோனோஸ்கோபி, அது சரியாக இருந்தால் 3 ஆண்டு கழித்து, அப்புறம் 5 ஆண்டு கழித்து என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. கட்டி அடைத்து ஸ்கோப் மேலே போகாதவர்களுக்கு அறுவைக்குப் பின் 3 முதல் 6 மாதத்துக்குள் முழுக் குடலையும் பார்த்தாக வேண்டும்.

அப்பாவின் பழைய ரிப்போர்ட்டை இப்போது எடுத்துப் பார்த்தேன். "இதற்கு மேல் ஸ்கோப் செல்லவில்லை" என்று அதிலேயே இருக்கிறது. அன்றைக்கே அந்தப் பக்கம் ஒரு பாலிப் இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது கட்டியைச் சோதித்த பிறகுதான், குடல், கர்ப்பப்பைப் புற்று வரும் வாய்ப்பைக் கூட்டும் பரம்பரைக் கோளாறான லிஞ்ச் சிண்ட்ரோம் என்று தெரிந்தது. அத்தைக்குக் கர்ப்பப்பைப் புற்று வந்ததை முதலிலேயே யாராவது கேட்டிருக்கலாம். 2011இல் வந்த ஓர் ஆய்வின்படி, லிஞ்ச் உள்ளவர்களுக்குக் குடலில் ஒரு பகுதியை மட்டும் எடுத்தால் புதுப் புற்று வரும் வாய்ப்பு 10 ஆண்டில் 16 சதவீதம், 20 ஆண்டில் 41, 30 ஆண்டில் 62. இவர்களுக்கு ஒன்று அல்லது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஸ்கோப் தேவை. எவ்வளவு குடலை எடுப்பது என்ற முடிவே கூட மாறக்கூடும்.

ஸ்கோப் எதுவரை போனது, அடுத்தது எந்த மாதம், கட்டியில் லிஞ்சுக்கான சோதனை செய்தாயிற்றா என்பதைச் சம்மரியில் தமிழில் எழுதித் தாருங்கள். நோயாளியின் கையில் இருப்பது அந்தக் காகிதம் ஒன்றுதான்.

அப்பாவின் அடுத்த ஸ்கோப் தை மாதம். எனக்கும் தம்பிக்கும் லிஞ்ச் இருக்க ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பாம். சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்