தொலைதூர விமானப் பயணமும் விளம்பர மணித்தியாலங்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியிலிருந்து கனடாவிலுள்ள பிள்ளைகளிடம் போய்வரும் முதியவர்களின் தொகை கூடிவரும் இந்நாளில், பயண முகவர்கள் பத்திரிகைகளில் வெளியிடும் விளம்பரங்களில் காணப்படும் பயண நேரம் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகின்றேன்.

கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் ரொறன்ரோவுக்கும் இடையிலான நேர்த்தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். பூமி உருண்டை என்பதால் இந்தக் குறுகிய கோடு, சுவரில் தொங்கும் தேசப்படத்தில் நாம் விரலால் கீறுவதுபோல அரேபியாவையும் வட ஆபிரிக்காவையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் ஊடறுத்துப் போகாமல், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே ஏறி இறங்குகிறது. அவ்வழியே நேரடி விமானச் சேவை கிடையாது. ஆயினும் டுபாயில் மாறிச் சென்றால் 3,300 கிலோமீற்றரும் 11,100 கிலோமீற்றருமாகத் தூரம் ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர்தான் கூடுகிறது. ஆகவே பயணத்தை நீட்டுவது சுற்றுவழி அல்ல, இடைத்தங்கலே. பறக்கும் நேரம் நாலரையும் பதினாலுமாகப் பதினெட்டரை மணித்தியாலம். விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் இதுமட்டுமே. காத்திருப்பு நான்கு மணித்தியாலமா பதினொன்றா என்பதைப் பணம் கட்டிய பிறகுதான் பலர் அறிகிறார்கள்.

பயணச்சீட்டைப் பார்த்தும் மொத்தப் பயண நேரத்தை எளிதில் அறியமுடியாது, ஏனெனில் அதில் அச்சிடப்படுபவை அந்தந்த ஊர் நேரங்கள். கோடையில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் நிற்கும், குளிர்காலத்தில் பத்தரை. கோடையில் அதிகாலை 3 மணிக்குப் புறப்பட்டு அன்று மாலை 4 மணிக்கு இறங்குவதாகச் சீட்டில் இருந்தால், பதின்மூன்று மணித்தியாலம்போலத் தோன்றுவது உண்மையில் இருபத்திரண்டரை. திரும்பும்போது வெள்ளி இரவு 10 மணிக்கு ஏறுபவர் ஞாயிறு விடியற்காலை வந்திறங்குவார். வருகை நேரத்தின் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் '+2' அதைத்தான் குறிக்கிறது. அதைக் கவனியாமல் ஒரு நாள் முந்தியே வான் பிடித்துக்கொண்டு விமான நிலையம் போனவர்களும் உண்டு. உண்மையில் திரும்பும் பறப்புத்தான் சற்றுக் குறைவு: பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று விமானத்தை ஏந்திக்கொண்டு வருவதால் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் மிச்சமாகும்.

1996 இல் நாட்டின் நேரம் முன்னகர்த்தப்பட்டபோது 2006 ஏப்ரலில் அது மீண்டும் பின்னகர்த்தப்படும் வரை பழைய நேரத்திலேயே இருந்த வன்னியில், சோதனைச்சாவடி இருந்த ஓமந்தையைத் தாண்டியதும் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் திருப்பிய தலைமுறைதான் இன்று கனடா போகிறது. அவர்களுக்கு இக்கணக்கு விளங்காது என்று எவரும் சொல்லவேண்டாம்; தரப்படவில்லை என்பதே குறை.

நம்மவருக்கோ தரைவழியும் சேர்கிறது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போகும் வான் கட்டுநாயக்கவை அடைய ஆறேழு மணித்தியாலம் ஆகும். மூன்று மணித்தியாலம் முன்னதாக அங்கு நிற்கவேண்டுமாயின், மேற்சொன்ன பயணத்துக்குக் கிளிநொச்சியிலிருந்து முதல்நாள் மாலை 5 மணிக்காவது வெளிக்கிடவேண்டும். மொத்தம் முப்பத்திரண்டு மணித்தியாலத்துக்கும் மேல். நீரிழிவுக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள், அவற்றை எந்த வேளையில் எடுப்பதென வைத்தியரிடம் கேட்டறிய இந்த மொத்தக் கணக்கே தேவைப்படுகிறது.

ஆகவே, பயண விளம்பரங்களை ஏற்கும்போது பறக்கும் நேரம், இடைத்தங்கல் நேரம், மொத்த நேரம் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறிப்பிடுமாறு முகவர்களைத் தங்கள் பத்திரிகை கேட்கவேண்டும் எனவும், வருகை நேரத்துடன் இலங்கை நேரத்தையும் கிழமையையும் சேர்த்து அச்சிடச் செய்யவேண்டும் எனவும் கேட்டுக்கொள்கின்றேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
கிளிநொச்சி.