ஐந்தாவது படி: மறுபடி கேள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 'தி ஃபண்டமென்டல்ஸ் ஆஃப் கேரிங்' (2016) படத்துக்குச் சென்ற இதழில் வந்த விமர்சனத்தைப் படித்தோம். ராப் பர்னெட் இயக்கி, பால் ரட்டும் கிரெய்க் ராபர்ட்ஸும் நடித்த அந்தப் படம் எங்களுக்கும் ரொம்பப் பிடிக்கும். வீல்சேரில் இருக்கும் பையன் என்றாலே சாதுவாக, பரிதாபமாகக் காட்டும் வழக்கத்தை உடைத்து, வாய்த்துடுக்கும் குறும்பும் ஆசையும் உள்ள 18 வயதுக்காரனாக ட்ரெவரைக் காட்டியதே பெரிய விஷயம். ஆனால் "அன்பு இருந்தால் போதும், மற்றது தானாக வரும்" என்று விமர்சகர் முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை. படமே அப்படிச் சொல்லவில்லை. ட்ரெவரைக் கவனித்துக்கொள்ள வரும் பென் (பால் ரட்) ஆறு வாரப் பயிற்சி முடித்துவிட்டுத்தான் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கிறான். கேள், காது கொடு, கவனி, உதவு, மறுபடி கேள். அங்கே கற்றுத்தரும் ஐந்து படிகள் இவை. எங்கள் அனுபவத்தில் வீடுகளில் விட்டுப்போவது அந்த ஐந்தாவதுதான்.

ஏன் மறுபடி கேட்க வேண்டும்? ட்ரெவருக்கு இருப்பது டுஷேன் தசைச் சிதைவு. விமர்சனத்தில் 'நரம்புத் தளர்ச்சி' என்று இருந்தது, அது தவறு. டிஸ்ட்ரோபின் என்ற புரதம் உடலில் உருவாகாததால் தசை சிதைகிறது; உணர்ச்சி நரம்புகள் நன்றாகவே இருக்கின்றன. முதுகெலும்பு முறிந்தவருக்குக் கால் மரத்துப்போயிருக்கலாம். இந்தப் பிள்ளைகளுக்கு எல்லாமே வலிக்கும், விலக்கிக்கொள்ளத்தான் முடியாது. ஒருக்களித்துப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுகிறோம். தலைக்குக் கீழே காது மடங்கியிருக்கும். நாமாக இருந்தால் தூக்கத்திலேயே தலையை அசைத்துச் சரிசெய்துகொள்வோம். அவன் யாராவது வரும்வரை அந்த மடங்கிய காதோடு கிடக்க வேண்டும். கீழ்த்தோள் உடம்புக்கு அடியில் மாட்டியிருக்கிறதா, முழங்கால்களுக்கு நடுவே தலையணை இருக்கிறதா, விரிப்பில் சுருக்கம் உண்டா என்று பார்த்த பிறகும், "இப்போ சரியா?" என்று அவனிடமே கேட்டுவிட்டுத்தான் விளக்கை அணைக்க வேண்டும். ராத்திரியில் பலமுறை திருப்பிவிட நேரும். அம்மா ஒருவரே எல்லா இரவும் விழித்தால், கொஞ்ச நாளில் அவருடைய இடுப்பும் போய்விடும்.

அடுத்து, எல்லோரும் சிலாகிக்கும் அந்தக் காட்சி. நின்றுகொண்டு சிறுநீர் கழிக்க வேண்டும் என்ற ட்ரெவரின் ஆசையை, ஸ்ட்ரெச்சரில் கட்டி நிமிர்த்தி பென் நிறைவேற்றிவைக்கிறான். அருமையான காட்சி. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் யாரும் முயன்று பார்த்துவிடக் கூடாது என்பதுதான் எங்கள் கவலை. பெரும்பாலும் 12 வயதை ஒட்டி நடை நின்றுவிடுகிறது. அதன்பின் பல வருடம் உட்கார்ந்தே இருப்பதால் இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் மடங்கிய நிலையிலேயே இறுகிப்போகும். அசையாததாலும், இந்த நோய்க்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையாலும் எலும்பு மெலிந்திருக்கும். அப்படிப்பட்ட காலை அழுத்தி நீட்டிப் பட்டை போட்டுக் கட்டினால் தொடை எலும்பு முறியலாம். எலும்பு முறிந்த ஓரிரு நாளில் மூச்சு வாங்கினாலோ, பிள்ளை குழப்பமாகப் பேசினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எலும்புக்குள் இருக்கும் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைத்திருக்கக்கூடும்.

அந்த ஆசைக்குப் பின்னால் இருக்கும் தினசரிச் சங்கடத்தைப் பற்றி விமர்சனத்தில் ஒரு வரிகூட இல்லை. வெளியே போகும் நாளில் பல பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. யாரையாவது கூப்பிட்டுத் தூக்கச்சொல்ல வேண்டுமே என்ற கூச்சம். விளைவு மலச்சிக்கல், சில சமயம் சிறுநீரகக் கல். இதற்குச் சின்ன வழி இருக்கிறது. பேண்ட் ஜிப்பை அடித்தையல் வரை நீளமாக வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். இடுப்பைச் சீட்டின் முன்பக்கம் நாலு விரல் நகர்த்தி யூரின் பாட்டிலை வைத்தால், யாரையும் தூக்காமலே வேலை முடிந்துவிடும். பிறகு இடுப்பைப் பழையபடி பின்னால் தள்ளி பெல்ட்டைப் போட மறக்கக் கூடாது.

தூக்கும் முறையிலும் படம் அவசரப்படுகிறது. இரண்டு அக்குளிலும் கைகொடுத்துக் குழந்தையைத் தூக்குவதுபோல இவர்களைத் தூக்கக் கூடாது. தோள்பட்டைத் தசை பிடித்து நிற்காது, கை மேலே போய் உடம்பு வழுகிக் கீழே இறங்கிவிடும். துணித் தொட்டிலோடு கூடிய லிஃப்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கட்டாயம் இரண்டு பேர் வேண்டும். வீல்சேர் பிரேக்கைப் போட்டு, கால் பலகையை விலக்கிவிட்டு, எண்ணிச்சொல்லி ஒரே சமயத்தில் தூக்க வேண்டும். கழுத்தும் நிற்காது என்பதால் படியில் இறக்கும்போது தலையை ஒரு கை தாங்க வேண்டும். வேனில் போனால் வீல்சேரை முன்னோக்கி நிறுத்தி நான்கு பட்டைகளால் தரையோடு கட்டி, பையனுக்குத் தனியாக வண்டி பெல்ட் போட வேண்டும். வீல்சேரின் இடுப்புப் பட்டை திடீர் பிரேக்கைத் தாங்காது.

ட்ரெவர் ஏதோ ஆகிவிட்டதுபோல் நடித்து பென்னைப் பதறவைக்கும் இடங்களில் சிரித்தோம். ஆனால் இந்த நோயில் மூச்சுக் குறைவு அப்படிச் சத்தம் போட்டு வருவதில்லை. காலையில் தலைவலி, கெட்ட கனவு, பகலில் தூங்கி விழுவது, பசி குறைவது என்று மெல்ல வரும். தூக்கத்தில் கரியமில வாயு வெளியேறாமல் தேங்குவதுதான் காரணம். அப்போது வெறும் ஆக்சிஜன் மட்டும் வைத்தால் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி நல்ல எண் காட்டும், உள்ளே கரியமில வாயு மேலும் ஏறும். தேவை, முகமூடி வழியாக மூச்சைத் தள்ளிக்கொடுக்கும் பைபாப் கருவி. நடை நின்றபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நுரையீரல் கொள்ளளவைப் பார்க்க வேண்டும். அது இருக்க வேண்டிய அளவில் பாதிக்குக் கீழே இறங்கினால் இரவு பைபாப் தொடங்க வேண்டும். கரண்ட் போனால் ஓடுவதற்குத் தனி பேட்டரி இருக்கட்டும். இதயப் பரிசோதனை வருடம் ஒருமுறை, மூச்சு நன்றாக இருந்தாலும்.

பயணம் போகிறவர்கள் ஸ்டீராய்டைக் கைப்பையில் வையுங்கள். வாந்தியாலோ மறதியாலோ ஒருநாள் உள்ளே போகாவிட்டால் ஆபத்து. ஊசியாகப் போட மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவசர அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருத்துவரிடம் நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள். மயக்கம் கொடுக்கும்போது தசையைத் தளர்த்தப் போடும் சக்சினில்கோலின் இவர்களுக்குக் கொடுக்கக் கூடாத மருந்து, இதயம் நின்றுவிடலாம். இதை ஒரு அட்டையில் எழுதி வீல்சேரிலேயே கட்டிவைப்பது நல்லது.

விமர்சனத்தோடு அந்த ஸ்ட்ரெச்சர் காட்சியின் படத்தைத்தான் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். இன்னொரு முறை அச்சிட நேர்ந்தால், கீழே ஒரு வரி சேர்க்க வேண்டுகிறோம்: முழங்கால் நீளாத பிள்ளைக்கு, பிசியோதெரபிஸ்ட் பார்க்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
தசைச் சிதைவு நோயுள்ள பிள்ளைகளோடு வேலை செய்யும் பிசியோதெரபிஸ்டுகள்,
கோவை