டிரெய்லர் நுழைய முடியாத சார்ஜிங் நிலையங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னை–பெங்களூரு சாலை சுமார் 350 கிலோமீட்டர். சரக்கு ஏற்றிய மின்சார டிரெய்லர் வழியில் ஒருமுறையாவது சார்ஜ் ஏற்ற வேண்டியிருக்கும். ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாக வரும் சார்ஜிங் நிலையங்களின் வரைபடம் பெரும்பாலும் கார் கணக்கில்தான் இருக்கிறது. இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம், சுவரை ஒட்டிச் சார்ஜர். கார் மூக்கை நீட்டி நின்றுவிட்டு ரிவர்ஸில் வெளியே வந்துவிடும். 18 மீட்டர் டிரெய்லர் என்ன செய்யும்?

கன்டெய்னர் இருக்கும் பின்பகுதியைக் கழற்றிவிட்டு, இழுக்கும் முன்வண்டியை மட்டும் உள்ளே கொண்டுபோகலாமே என்பார்கள். பின்பகுதியைத் தாங்கும் கால்களான லேண்டிங் லெக்கை இறக்கி, காற்றுக் குழாய்களையும் மின் ஒயரையும் பிரித்து, இரண்டையும் இணைக்கும் கிங் பின்னின் பூட்டை விடுவித்த பிறகுதான் முன்வண்டி நகரும். திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் மறுபடி மாட்ட வேண்டும். தரையில் பேவர் பிளாக் போட்டிருந்தால் சுமையோடு நிற்கும் அந்தக் கால்கள் அமிழும், டிரெய்லர் சாயும். ஓட்டுநர் இதையெல்லாம் செய்ய மாட்டார். சாலையோரத்திலேயே நிறுத்தி, நுழைவாயிலை மறிப்பார்.

மத்திய அரசு 2024இல் அறிவித்த பி.எம். இ-டிரைவ் என்ற மின்வாகன ஊக்குவிப்புத் திட்டத்தில் கார்களுக்கு 22,100 விரைவுச் சார்ஜர்கள், பேருந்துகளுக்கு 1,800 என்று கணக்கிட்டார்கள். லாரிக்கெனத் தனி எண் அதில் இல்லை. அந்த மனக்கணக்கே வரைபடங்களிலும் தெரிகிறது.

பெட்ரோல் பங்க் போல, ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் தடம் ஒன்றாவது வேண்டும். அகலம் நாலரை மீட்டர், நீளம் 28 மீட்டர். சார்ஜர் நிற்க வேண்டிய இடம் தொடக்கத்திலிருந்து 16ஆவது மீட்டர். டிரெய்லருக்குச் சார்ஜ் துளை முன்வண்டியில் இருப்பதால் வால் பின்னால் நீளும். துளை பின்புறம் உள்ள 12 மீட்டர் பேருந்துக்கோ உடல் முழுதும் முன்னால் நிற்கும். இரண்டுக்கும் இந்த அளவு பொருந்தும். துளை சில வண்டிகளில் இடப்பக்கம், சிலவற்றில் வலப்பக்கம். வழக்கமான நாலைந்து மீட்டர் கேபிள் கேபினைச் சுற்றி எட்டாது. தடத்தின் இருபுறமும் கன், அதாவது துளையில் செருகும் கேபிள் முனை, வேண்டும். கேபிள் தரையில் கிடந்தால் பின்சக்கரம் ஏறிக் கன்னை நொறுக்கிவிடும். மேலே தூக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கை செலவல்ல, மிச்சம்.

வளைவில் டிரெய்லரின் பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தில் வராமல் உள்பக்கம் வெட்டி வரும். திருப்பத்தின் உள்மூலையில் சார்ஜரையோ மின்பெட்டியையோ வைக்கவே கூடாது. கான்கிரீட் நிரப்பிய இரும்புக் குழாய்த் தடுப்பும் அவசியம். கூரை ஐந்தரை மீட்டர் உயரம் இருக்கட்டும். உயரக் கன்டெய்னர் ஏற்றிய வண்டி நாலரை மீட்டரைத் தொடும்.

பேட்டரி 300 யூனிட் என்றால், 20 சதவீதத்திலிருந்து 80க்கு ஏற்ற 180 யூனிட் தேவை. 60 கிலோவாட் சார்ஜரில் மூன்று மணி நேரம். 240 கிலோவாட்டில், வண்டி அதை வாங்கினால், முக்கால் மணி நேரம். அதற்கு டிரான்ஸ்பார்மரும் உயரழுத்த இணைப்பும் வேண்டும்.

இன்றைக்கு அவ்வளவு பணம் இல்லையென்றாலும் தடத்துக்கான இடத்தை விட்டு, தளம் போடும்போதே கேபிளுக்கான வெற்றுக் குழாய்களைப் புதைத்துவிடலாம். கான்கிரீட் இறுகியபின் உடைத்துப் போடுவதற்கு ஆகும் செலவை நிலையம் அமைப்பவர்கள் ஒப்பந்ததாரர்களிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

— சார்ஜிங் நிலையங்களுக்கு வரைபடம் போடும் பொறியாளர், காஞ்சிபுரம்