தாத்தாவின் படை எண் கிடைத்துவிட்டது: கூட நின்றவர்களுக்கு நன்றி

இரண்டாம் உலகப்போரில் இருந்த தாத்தாவின் ஷீட் ரோல், அதாவது ராணுவப் பணிப் பதிவேட்டின் நகல் கைக்கு வந்துவிட்டது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை, 11-ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனி. இந்த ஒரு வரிக்காக எவ்வளவு அலைந்தோம் என்பது உங்களுக்கே தெரியும். எங்கள் குடும்பத்தார் எல்லோர் சார்பாகவும் நன்றி.

முதல் வணக்கம், ஓய்வுபெற்ற அந்த ஹவில்தார் ஐயாவுக்கு. தாத்தாவின் பதக்கத்தைக் காட்டியபோது "புளி போட்டுத் தேய்ச்சிடாதீங்க, முதல்ல விளிம்பைப் பாருங்க" என்று அவர் சொல்லாதிருந்தால் இன்னும் ஊர்ப்பெயரை வைத்துக்கொண்டுதான் தேடிக்கொண்டிருப்போம். இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்களை பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெரும்பாலும் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்திய வீரர்களுக்கு வந்தவற்றில் பலவற்றில் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் உண்டு. நட்சத்திர வடிவ ஸ்டார் பதக்கம் என்றால் பின்புறம். சிங்கம் பொறித்த வட்டமான வார் மெடல் என்றால் விளிம்பு.

அந்த எழுத்தைப் படிக்கும் முறையையும் அவரே கற்றுக்கொடுத்தார். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான பல் துலக்கும் பிரஷ், அவ்வளவுதான். எலுமிச்சையும் பாலிஷும் வேண்டாம். தேயத் தேய எழுத்தின் ஓரம் மழுங்கிவிடும். பிறகு இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேராக அடித்தால் பளபளப்புதான் தெரியும். அப்படியும் புரியாவிட்டால் மெல்லிய தாளை விளிம்பில் சுற்றி, 4பி பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் கறுப்புக்கு நடுவே எழுத்து வெள்ளையாக எழும். 3-ம் 8-ம், 1-ம் 7-ம் ஏமாற்றும். ஒன்றுக்கு மேற்பட்ட பிரதி எடுத்து ஒப்பிட்டுத்தான் எண்ணை முடிவுசெய்ய வேண்டும்.

பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். மாவட்டங்கள் பிரிந்து பெயர் மாறிவிட்டன. எண்ணுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மெட்ராஸ் சாப்பர்ஸின் ஆவணங்களை வைத்திருக்கும் பெங்களூரு எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) ரெக்கார்ட்ஸுக்கு எழுதும்போது எண்ணை முதல் வரியில் வையுங்கள். தகப்பனார் பெயர், அன்றைய தாலுகா, உறவுக்கான சான்று எல்லாம் அடுத்து.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பழைய கோப்பைத் தேடி எடுத்த அம்மா, லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பிய தம்பி, சுருக்கெழுத்துகளை விளக்கிய நண்பர்கள், அனைவருக்கும் நன்றி. அந்தத் தம்பி சொன்னது மற்றவர்களுக்கும் உதவும்: படைப்பிரிவுகள் எழுதிவைத்த போர் நாட்குறிப்புகள் ஆள்வாரியாக இல்லை, களவாரியாக இருக்கின்றன. காப்பகத்தின் கோப்பு வரிசை எண், மத்தியக் கிழக்கு என்றால் டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ்) 169, இத்தாலி 170, பர்மா 172. சிப்பாய் பெயர் அபூர்வமாகத்தான் வரும். கம்பெனியும் மாதமும் தெரியாமல் உள்ளே போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

ஃபீல்டு பார்க் கம்பெனி என்றால் பாலம் கட்டும் சாமான், பட்டறை, கிடங்கு. ஆபத்தில்லாத பின்வரிசை வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அதே 11-ஆவது கம்பெனியின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ அருகே, கூட இருந்தவர்களைக் காக்கக் கண்ணிவெடி மேல் விழுந்து உயிர்விட்டார். அதற்காகப் பிரிட்டனின் உயரிய வீர விருதான ஜார்ஜ் கிராஸ் அவருக்கு வழங்கப்பட்டது. தாத்தா இருந்தது அந்த மனிதர்களோடு என்று நினைக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

நாட்குறிப்புப் பக்கங்களைத் தமிழில் எழுதி முடித்து, அந்தக் கம்பெனியில் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ இருந்த எந்தக் குடும்பம் கேட்டாலும் காசு வாங்காமல் கொடுப்போம். முதல் பிரதி ஹவில்தார் ஐயாவுக்கு.