ஒழுங்கை முகப்பில் ஒரு சுமைதாங்கி

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் நல்ல சுகம். நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். லண்டனில் தேம்ஸ் கரையில் மீன்கள் சுற்றிப் பிணைந்த அந்த விளக்குக் கம்பம் 1870இல் வல்லியாமி என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது என்று எழுதியிருந்தாய். அங்கேயே ஒரு இருக்கை வாங்கின் ஓரத்தில் இரும்பு ஒட்டகம் ஒன்று படுத்திருப்பதை அம்மாதான் முதலில் கண்டுபிடித்தா. 1807இல் பால் மால் தெருவில் வாயு விளக்கு எரித்துக் காட்டிய ஊரில் இன்றைக்கும் சில விளக்குகள் வாயுவில் எரிகின்றன, அவற்றைத் தேடி நடக்க ஆக்களும் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய சந்தோசம். அந்த ஆக்களில் நீயும் ஒருத்தி.

கடைசி வரியில், "யாழ்ப்பாணத்தில் இப்படி ஒன்றும் இல்லைத்தானே அப்பா" என்று கேட்டிருந்தாய். இருக்குது பிள்ளை.

விளக்கைத் தேடினால் அலைச்சல்தான். 1990இல் போன மின்சாரம் வருடக்கணக்காக வரவில்லை. மண்ணெண்ணெய் தட்டுப்பாடான அந்த நாளில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச எண்ணெயும் விட்டுத் திரி கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் நீ வாய்ப்பாடு படித்தாய். சண்டைக் காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் கட்டப் போன ஊரில் பழைய இரும்புக் கம்பத்தை யார் விட்டுவைப்பார்கள்? மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாகக் கட்டியது. அதை எல்லாரும் படம் எடுக்கிறார்கள்.

நீ தேட வேண்டியது சுமைதாங்கி. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும் இரண்டு கல், அல்லது கட்டிய தூண், மேலே குறுக்காக ஒரு கல். தலைச்சுமையோடு சந்தைக்குப் போகிறவர் இன்னொருவர் கை கொடுக்காமலே சுமையை இறக்கி, இளைப்பாறி, திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டு போகலாம். குனியவே தேவையில்லை. உயரத்தின் கணக்கு அதுதான். பெரும்பாலும் வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய வீட்டார் கட்டுவித்தது. அவள் இறக்கி வைக்க முடியாமல் கொண்டுபோன பாரம், வழிப்போக்கர் தங்கள் பாரத்தை இறக்கும்போது ஆறும் என்பது நம்பிக்கை.

எங்கள் பக்கத்து ஒழுங்கை முகப்பில் நிற்பதைப் போன கிழமை கிட்டப்போய்ப் பார்த்தேன். சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்து உள்ளே கடற்பாறைக் கல்லின் துளைகள் தெரிகின்றன. மேற்கல்லின் நடுப்பகுதி மட்டும் தடவினால் வழுக்குகிறது. ஓரங்கள் இன்னும் சொரசொரப்பு. எத்தனை பனையோலைக் கடகம் அதில் இறங்கியிருக்கும். பக்கத்தில் பெயர் வெட்டியிருக்கிறார்கள். வெள்ளை அடித்து அடித்து எழுத்து நிரம்பிவிட்டது, கடைசியில் ஒரு "அம்மை" மட்டும் விரலுக்குப் பிடிபடுகிறது. தெருவை உயர்த்தி உயர்த்திக் காப்பெட் றோட்டுப் போட்டதில் மேற்கல் இப்போது என் இடுப்பளவில்தான் நிற்கிறது. புதிதாக வருகிறவருக்கு அது இடிந்த மதிலின் மிச்சம்.

எனக்குள்ள கவலை அதுதான். நீ படம் எடுத்த கம்பங்களை நகரசபை போன்ற ஒன்று வைத்தது. வரைபடம் இருக்கும், கணக்கு இருக்கும், பழுதானால் கேட்க ஆள் இருக்கும். இதை ஒரு வீடு தன் துக்கத்தில் கட்டியது. அந்த வீட்டார் இடம்பெயர்ந்து போய்விட்டால் இது யாருடையது என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. தெரு அகலிக்க மெசின் வரும் அன்று, "இது இன்னாருடைய நினைவுக்கல்" என்று ஒருவர் சொன்னால் போதும், ஓட்டுகிற பிள்ளை நிறுத்துவான். சொல்ல ஒருவரும் இல்லாவிட்டால் ஒரு நொடி வேலை.

ஒரு சுமைதாங்கியைக் கண்டால் அதோடு நின்றுவிடாதே, சுற்றிப் பார். கேணியோ மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டியோ கிட்ட இருக்கக்கூடும். தனியே குத்தி நிறுத்திய கல் என்றால் ஆவுரஞ்சிக்கல். மாடு முதுகு உரஞ்சிய இடம் மினுங்கும். ஆறில்லாத ஊரில் நடந்து போகிறவர்களுக்கும் மாட்டுக்கும் தண்ணீரும் நிழலும் வழிநெடுகத் தேவைப்பட்டது. பருத்தித்துறையில் வழிப்போக்கர் இளைப்பாறும் தெருமூடிமடம் இருக்கிறதே, தெருவே மடத்துக்குள்ளால் போகிறது, இரண்டு பக்கமும் திண்ணை. அதற்குள் நின்று பார்த்தால் நான் சொல்வது விளங்கும். சில வீடுகளில் சங்கடப்படலையும் மிஞ்சியிருக்கிறது. கூரை போட்ட வாசற்படலை, வெயிலுக்கு ஒதுங்க, குடிக்க ஒரு பானை தண்ணீர்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருவாய்தானே. கொடியேற்றத்துக்கு முன்னமே வா. விடிய வெயில் ஏறமுதல் சைக்கிளில் போவோம். ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் படம் எடுத்து, போனில் இடத்தைக் குறித்து, அளந்து எழுதுவோம். எழுத்து மங்கிய இடத்தில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் தெரிகிறதா என்றும் பார்க்கலாம். பக்கத்து வீடுகளில் வயதான ஆச்சிமாரிடம் கட்டுவித்தது யார் என்று கேட்கிற வேலை அம்மாவுடையது, அவவுக்குத்தான் சொல்வார்கள்.

நல்ல அளவு நாடா ஒன்றும், மெல்லிய வெள்ளைத்தாள் கொஞ்சமும் வாங்கி வா. ரிக்கெற் போட்டதும் திகதியை அறிவி.

அன்புடன்,
அப்பா