கதிரிலேயே பிடிக்கும் நஞ்சு: சேலம் மாவட்ட வேளாண்மைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு, தலைவாசல் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போடும் விவசாயியின் வணக்கம்.

போன கார்த்திகையில் கதிர் ஒடிக்கும்போது ஒன்றை உரித்துப் பார்த்தேன். நுனியில் படைப்புழு குடைந்த வழி. அதன் ஓரமாகப் பத்துப் பதினைந்து மணிகளில் மஞ்சள் கலந்த பச்சைப் பூஞ்சாணத் தூள். விரல் பட்டதும் புகை மாதிரி கிளம்பியது. அந்தக் கதிர் அதுவரை செடியில்தான் இருந்தது, களத்தையே பார்க்கவில்லை. வாங்க வந்த வியாபாரியோ "காய்ச்சல் பத்தலைங்க" என்று சொல்லி லோடு முழுவதையும் தள்ளிவிட்டார்.

மணி நன்றாகக் காய்வது முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் பூஞ்சாணம் என்றாலே களத்தையும் குடோனையும் மட்டும் பேசிப் பழகிவிட்டோம். அஃப்ளடாக்சின் நஞ்சைச் சுரக்கும் பூஞ்சாணம் மண்ணிலேயே இருக்கிறது. புரட்டாசியில் குஞ்சம் விட்டு மணி பிடிக்கும் நேரத்தில் மழை ஏமாற்றி வெயில் காய்ந்தால், கதிரின் பட்டு வழியாகவும் புழு போட்ட ஓட்டை வழியாகவும் உள்ளே போய்விடுகிறது. அறுவடை நேரத்து மழை அதை வளர்த்துவிடுகிறது. பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் மணியிலும் நஞ்சு இருக்கலாம். வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. 1974-இல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடி கிராமங்களில் இப்படிக் கெட்ட மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

எங்கள் வழக்கம், கழித்த கதிரை மாட்டுக்குப் போடுவது. நானும் போட்டேன். தீவனத்தில் இருக்கும் நஞ்சில் ஒரு பங்கு ஓரிரு நாளிலேயே பாலில் இறங்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பாலைத்தான் என் பேத்தி குடித்தாள். தானியத்தில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம், பாலில் 0.5 என்று சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. அந்த அளவைக் கண்ணால் பார்த்து யார் சொல்ல முடியும்?

அதனால் கேட்கிறேன். பூக்கும் பருவத்தில் வயலுக்கு வாருங்கள். அப்போது ஒரு தண்ணீராவது கொடுக்க எங்கள் மானாவாரிக் காடுகளுக்குப் பண்ணைக்குட்டை வேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஈரப்பதம் பார்ப்பது போலவே நஞ்சையும் உடனே பார்த்துச் சொல்லும் பரிசோதனைப் பட்டை வேண்டும். நஞ்சு சுரக்காத அதே இனப் பூஞ்சாணத்தைப் பூக்கும் முன் வயலில் தூவி, கெட்டதற்கு இடமில்லாமல் செய்யும் முறை அமெரிக்காவிலும் நைஜீரியாவிலும் நடைமுறையில் இருக்கிறது. சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தோடு சேர்ந்து இங்கேயும் முயன்று பாருங்கள். என் காட்டில் ஒரு ஏக்கர் தருகிறேன்.

ஆடிப் பட்டத்தில் விதைத்தது இப்போது முழங்கால் உயரம் நிற்கிறது. குஞ்சம் விட இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.