மழை பெய்தாலும் தொட்டி நனையாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மாடித் தோட்டத்துக்கு ஆப் பார்த்துத் தண்ணீர் விடுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை நல்ல முயற்சி. ஆனால் "மழை வரும் என்று ஆப் காட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம்" என்ற அறிவுரை தரையில் இருக்கும் தோட்டத்துக்குத்தான் சரி. பெங்களூரு மாடிகளில் அதை நம்பினால் செடி வாடிவிடும்.

1 மி.மீ. மழை என்றால் 1 சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 12 அங்குல குரோ பேக்கின் (செடி வளர்க்கும் பை) வாய் 0.07 சதுர மீட்டர்தான். 10 மி.மீ. மழை கொட்டினாலும் உள்ளே விழுவது 700 மில்லி. தக்காளியோ கத்தரியோ படர்ந்திருந்தால் அதிலும் பாதியை இலைகளே குடை பிடித்து வெளியே தள்ளிவிடும். சன்ஷேடுக்குக் கீழே உள்ள தொட்டிக்கு அதுவும் இல்லை. போதாக்குறைக்கு, நகரின் வடக்கே எலகங்காவில் வெளுத்து வாங்கும் அதே மாலையில் தெற்கே ஜெயநகர் காய்ந்து கிடக்கும்.

இணையத்தில் பார்க்க வேண்டிய எண் வேறு. ஓப்பன்-மீட்டியோ என்ற வானிலைத் தளத்தில் பதிவு செய்யாமலே ஈ.டி. ஜீரோ என்ற அளவு கிடைக்கிறது. தண்ணீர்க் குறை இல்லாத புல்வெளியிலிருந்து ஒரு நாளில் மண் வழியாகவும் இலை வழியாகவும் எத்தனை மி.மீ. ஈரம் போகும் என்பதே அது, 1998-ல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு வகுத்த கணக்கு. அட்சரேகை 12.97, தீர்க்கரேகை 77.59 என்று கொடுத்து, தினசரிப் பட்டியலில் அதை டிக் செய்யுங்கள். நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்று மாற்ற மறக்காதீர்கள். மறந்தால் உங்கள் 'நாள்' காலை ஐந்தரை மணிக்குத்தான் தொடங்கும். இங்கே கோடையில் இந்த எண் 5-ஐத் தாண்டும், ஆடி ஆவணி மேகமூட்டத்தில் பெரும்பாலும் 4-ஐ ஒட்டியே நிற்கும்.

இதைத் தொட்டியின் வாயோடு பெருக்குவதுதான் பலரும் செய்யும் தவறு. தண்ணீர் இலை வழியாகப் போகிறது, அதனால் செடியின் விரிவைத்தான் எடுக்க வேண்டும். 50 செ.மீ. அகலத்துக்குப் படர்ந்த தக்காளிக்குப் பரப்பு 0.2 சதுர மீட்டர். புல்வெளிக் கணக்கைத் தக்காளிக்கு மாற்ற, காய்க்கும் பருவத்துக்கான பெருக்கு எண் 1.15. எனவே 5 × 0.2 × 1.15, அதாவது சுமார் 1.15 லிட்டர். தொட்டி வாயை வைத்துப் போட்டால் 400 மில்லிதான் வரும். அதை ஊற்றிவிட்டு, "ஆப் சொன்னபடிதானே விட்டேன்" என்று குழம்ப வேண்டியதுதான்.

காற்றும் சுடும் சிமெண்டுத் தரையும் இந்தத் தண்ணீர்த் தேவையை இன்னும் கூட்டும். எவ்வளவு என்று தெரிய, பயணப் பெட்டியை எடை போடும் கொக்கித் தராசு போதும். தொட்டியின் அடியில் வழியும்வரை ஊற்றி, அரை மணி நேரம் வடியவிட்டு எடை பாருங்கள். மறுநாள் அதே நேரத்தில், தண்ணீர் விடுமுன், மீண்டும் பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர். 1.15 வர வேண்டிய இடத்தில் 1.5 குறைந்திருந்தால், உங்கள் மாடிக்கு இனி கணக்கை 1.3-ஆல் பெருக்குங்கள். செடி பெரிதானால் மறுபடி எடை.

ஈரப்பத சென்சார்களில் இரண்டு கம்பி உள்ள மலிவு ரகம் மின்பகுப்பில் அரித்துப்போகும். உலோகம் மண்ணில் படாத கெப்பாசிட்டிவ் ரகம் வாங்கினாலும், தென்னை நார்க்கழிவில் ஒரு எண், செம்மண்ணில் வேறு எண் காட்டும். உங்கள் கலவையிலேயே காய்ந்த நிலை, நனைந்த நிலை இரண்டையும் குறித்துக்கொள்ளாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

தானாகத் தண்ணீர் விட வைஃபை டைமர் மாட்டுபவர்கள் தண்ணீரின் அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். தொட்டிகளுக்கு 2 மீட்டர் மேலே டேங்க் இருந்தால் கிடைப்பது 0.2 பார் (அழுத்த அலகு). 1 பாரில் மணிக்கு 4 லிட்டர் விடும் சாதாரண டிரிப்பர் (சொட்டுநீர் முனை) அதில் 1.8 லிட்டர்தான் விடும். ஒவ்வொரு டிரிப்பருக்கும் கீழே 15 நிமிடம் பாட்டில் வைத்து அளப்பதே நம்பகமான வழி. மின்காந்தத்தால் இயங்கும் பல சோலினாய்டு வால்வுகள் இந்த அழுத்தத்தில் திறக்கவே திறக்காது. மோட்டாரில் இயங்கும் பால் வால்வு திறக்கும். 'மூடு' என்ற கட்டளை இணையம் வழியாக வரும் சாதனத்தில், நடுவில் நெட் போனால் டேங்க் முழுதும் வழிந்துவிடும். அதிகபட்ச நேரம் சாதனத்துக்குள்ளேயே பதிவாகும் வகைதான் வேண்டும். 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கு விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த ஊர் இது.

உங்கள் வானிலைப் பெட்டியில் வெப்பநிலை, மழையளவோடு அன்றைய ஈ.டி. எண்ணையும் ஒரு வரியில் போட்டால், ஆப் பார்க்காதவர்களும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு